நாலு கிலோ இருநூற்றுப் பத்து

தம்பி நார்வேக்குக் கப்பல்தளத்தில் வெல்டிங் வேலைக்குப் போனபோது
மூன்று சாவிகளையும் ஓர் உடும்பையும் விட்டுப்போனான்.
மூன்றாவது சாவி எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை.
உடும்பின் பெயர் க்னெட்லீக்.
ஆஸ்ட்ராவாவில் அது
குழம்பில் ஊறும் மாவுருண்டையின் பெயர்.
பெயருக்கேற்ற உடம்பு.

ஃப்ரீசரின் கீழ்த்தட்டில்
பட்டாணிக்கும் மீன்துண்டுக்கும் நடுவே
நாற்பது வெள்ளெலிகள்
வாலைச் சுருட்டித் தூங்குவதுபோல் கிடந்தன.
மூடியில் அவன் கையெழுத்து:
தினம் இரண்டு. ஞாயிறென்றால் மூன்று.
அடியில், வேறு பேனாவில்:
கேட்டால் இன்னும் கொடு.

அது எப்போதும் கேட்டது.
கண்ணாடியை நகத்தால் சுரண்டி,
பிளந்த நாக்கை நீட்டி நீட்டி.
நான் டிராம் ஓட்டுகிறவள்,
மணியடித்தால் கதவைத் திறந்தே பழகிய கை.

டாக்டர் வாவ்ரோவா அதைத் தராசில் ஏற்றினார்.
அது என் சட்டைக் கையைக் கவ்விக்கொண்டது.
உடும்பும் வேண்டாம், கையை விட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.
நாலு கிலோ இருநூற்றுப் பத்து.
அடிவயிற்றின் இரு பக்கமும் விரலை அழுத்தி,
"இது பலம் இல்லை லிபுஷே, கொழுப்பு.
ஈரலுக்கும் போயிருக்கும்" என்றார்.
"புல்வெளியில் இது
வண்டைத் தேடி நடக்கும், நத்தைக்கு மண்ணைக் கிளறும்.
உங்கள் தம்பி தினமும் கல்யாண விருந்து போட்டிருக்கிறார்."
பிறகு விரல்விட்டு எண்ணினார்:
நாய்த் தீனி டப்பா கூடாது.
பூங்காப் பூச்சியும் கூடாது, மருந்து தெளித்திருப்பார்கள்.
விளக்கடிக் கல் நன்றாகச் சுட வேண்டும்,
சூடில்லாமல் விழுங்கினால் உள்ளேயே அழுகும்.

இப்போது என் குளியலறையில்
முட்டை அட்டைகளுக்குள் கரப்பான் வளர்கிறது.
அதற்குக் கேரட் துருவிப் போடுகிறேன்,
தீனிக்குத் தீனி.
கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்குச் சர்க்கரை தூவும் சல்லடையில்
சுண்ணாம்புச் சத்துப் பொடியைச் சலித்து...
இல்லை, அது வேறு சல்லடை.
அம்மாவுடையதை நான் தொடவில்லை.

தப்பிய வெட்டுக்கிளி ஒன்று
ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஜனவரி முழுக்கப் பாடியது.
கீழ்வீட்டு ஷ்க்ரோபான்கோவா படியில் நிறுத்திக் கேட்டாள்:
"உங்கள் வீட்டில் மட்டும் கோடைகாலமா?"

பதினோரு நாள் அது எதையும் தொடவில்லை.
கரப்பான்கள் அதன் முதுகிலேறி நடந்தன.
இரண்டு வாரம் தின்னாவிட்டாலும் சாகாதென்று
டாக்டர் சொல்லியிருந்தார்.
டாக்டர் அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

பன்னிரண்டாம் இரவு, கடைசி டிராமை நிறுத்திவிட்டு வந்து
ஓர் எலியை வெந்நீரில் போட்டேன்.
இளகிக் கால்கள் விரிந்தன.
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
உருகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது,
குப்பையில் போட்டுவிட்டு விளக்கணைக்காமல் படுத்தேன்.

விடியும் முன்
வால்நட் உடைவதுபோல் ஒரு சத்தம்.
மண்ணுக்குள் புதைத்திருந்த நத்தையைத்
தானே தோண்டி எடுத்திருந்தது.
மூக்கெல்லாம் மண்.
எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது,
வேலைக்குத் தாமதமாகவே போனேன்.

மார்ச்சில் தம்பி வீடியோவில் வந்தான்.
"இளைத்துப் போச்சே, பட்டினி போடுகிறாயா?
ஓர் எலி கொடேன், பாவம்."
ஏதோ பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே கேட்டான்.
அவன் பின்னால் ஜன்னல் முழுக்க இருட்டு.
முகம் உப்பியிருந்தது.
ராத்திரியில் தூக்கம் வருவதில்லையாம்.
மூன்று கிலோ நானூறு என்று சொல்ல வந்தவள்
"நீ என்ன சாப்பிட்டாய்?" என்றேன்.
பாக்கெட்டைக் காட்டினான்.

அவன் போன பிறகு இடுக்கியைக் கழுவினேன்,
கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
கண்ணாடியில் நகம் சுரண்டும் சத்தம்.
நான் எழவில்லை.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
அது மண்ணைக் கிளறப் போய்விட்டது.